நின்றார்களா, நிறுத்தினோமா?

தப்பு செய்தவரைக் காப்பாற்றுவதற்கென்றே சில வார்த்தைகள் பிறக்கின்றன. 'இடைநிற்றல்' அதில் ஒன்று.

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இடை... நிற்றல். யார் நின்றது? பையன். யார் நிற்க வைத்தது? அந்தக் கேள்விக்கு அந்த வார்த்தையில் இடமே இல்லை. பஸ்ஸில் ஒழுங்காக வந்துகொண்டிருந்தவன், வேடிக்கை பார்க்க ஆசைப்பட்டு நடுவழியில் இறங்கி நின்றுவிட்ட மாதிரி ஒரு தொனி. இங்கிலீஷ்காரன் மட்டும் லேசுப்பட்டவனா? 'டிராப் அவுட்' என்கிறான். பழம் தானாக உதிர்ந்ததாம். மரத்தை உலுக்கியவன் பேர் அதிலும் கிடையாது.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெஞ்சு காலியானால், அது நின்றது இல்லை சார்... நிறுத்தியது. சட்டம் கொஞ்சம் நிறுத்தியது, பள்ளிக்கூடம் கொஞ்சம் நிறுத்தியது, முதலாளி கொஞ்சம் நிறுத்தினார், மீதியை ஊர் நிறுத்தியது. ஊர் என்றால் வேறு யாருமில்லை, நீங்களும் நானும்தான்.

கோபம் வருகிறதா? வரட்டும். மேலே படியுங்கள்.

*

ஒரு மாடிப்படி கட்டியிருக்கிறோம். ரொம்பப் பெருமையாகத்தான் கட்டியிருக்கிறோம். இந்தியாவே திரும்பிப் பார்க்கிறது, உண்மைதான். ஆனால் அந்தப் படியை ஒருமுறை கீழேயிருந்து மேலே ஏறிப் பாருங்கள்.

2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் வந்தது. அருமையான திட்டம். தொடங்கும்போது யாருக்கு? ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை.

கொரோனாவில் படிப்பை இழந்த பிள்ளைகளுக்காக 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. செங்கல்பட்டு மாவட்ட எல்லையைத் தாண்டினால் மரக்காணம். அந்தப் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான் தொடக்க விழா. தெருவில் படித்த பெண்கள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். இதுவும் அருமையான திட்டம். யாருக்கு? ஒன்றிலிருந்து எட்டு வரை.

கல்வி உரிமைச் சட்டம். 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. கல்வி இலவசம், கட்டாயம், குழந்தையின் உரிமை. எத்தனை வயது வரை? ஆறு முதல் பதினாலு. அதாவது எட்டாம் வகுப்பு வரை.

சரி, மேலே இருந்து இறங்கிப் பார்ப்போம். இலவச சைக்கிள் எப்போது கையில் கிடைக்கும்? பதினோராம் வகுப்பில். அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று 2022-ல் வந்த 'புதுமைப் பெண்', பையன்களுக்கு 2024-ல் வந்த 'தமிழ்ப் புதல்வன்' எல்லாம் எப்போது? கல்லூரியில் காலடி வைத்த பிறகு.

கீழே எட்டுப் படி. மேலே பதினொன்றிலிருந்து ஆரம்பம். நடுவிலே ஒன்பது, பத்து என்று இரண்டு படிகளைக் காணோம். சத்துணவும் பாடப் புத்தகமும் பஸ் பாஸும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால், பதினாலு வயசுப் பையனை வெளியே இழுக்கிற கை எவ்வளவு வலுவானதோ, உள்ளே பிடித்து நிறுத்துகிற கையும் அவ்வளவு வலுவாக இருக்க வேண்டாமா? இருப்பதிலேயே சோகையான கை அந்த இடத்தில்தான் இருக்கிறது.

அடுத்தது இன்னும் கொடுமை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தினார்கள். பதினாலு வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்றார்கள். கைதட்டினோம். பதினாலிலிருந்து பதினெட்டு வரை? சுரங்கம், வெடிமருந்து மாதிரி ஆபத்தான வேலைகள் மட்டும் கூடாது. மற்றதெல்லாம் ஆகலாம். ஓட்டலில் தட்டு கழுவலாம். கடையில் மூட்டை தூக்கலாம்.

இரண்டு சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதினாலாவது பிறந்த நாளன்று ஒரு சட்டம் பிள்ளையின் கையை விடுகிறது. அதே நாளில் இன்னொரு சட்டம் முதலாளியைப் பார்த்து 'வாங்க, எடுத்துக்குங்க' என்கிறது. இத்தனை பொருத்தம் நம் கல்யாண ஜாதகத்தில்கூட அமைவதில்லை!

*

2023 மார்ச் 13-ம் தேதி ஞாபகம் இருக்கிறதா? பிளஸ் டூ முதல் தேர்வு. தாய்மொழிப் பாடம். தமிழ்நாட்டில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான பேர் வரவில்லை. ஒரு வாரம் டி.வி-யில் விவாதம். மொழிப் பாடத்துக்குப் பயமா, செல்போனா, சினிமாவா என்று ஆளாளுக்குத் துப்பறிந்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அதில் ஏகப்பட்ட பேர் அன்றைக்குக் காலையில் காணாமல் போனவர்கள் இல்லை. அவர்கள் வகுப்பை விட்டுப் போய் ரொம்ப நாளாகியிருந்தது. பெயர் மட்டும் பதிவேட்டில் 'ஆஜர்' சொல்லிக்கொண்டிருந்தது.

ஆள் போனது தெரிய ஹால் டிக்கெட் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு கோழி காணாமல் போனால் அன்று சாயங்காலமே தெருவைச் சலித்துவிடுகிற ஊர்தான் நம்முடையது.

பள்ளிக்கூடத்தின் பங்கையும் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பள்ளியையும் சொல்லவில்லை, சொன்னால் நல்ல வாத்தியார்களுக்குச் செய்கிற துரோகம். ஆனால், பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் தேர்ச்சி என்று ஃப்ளெக்ஸ் பேனர் கட்டுகிற வியாதி இருக்கிறதே... அதற்கு மருந்து ஒன்பதாம் வகுப்பில்தான் தயாராகிறது. தேறாது என்று தோன்றுகிற பிள்ளையின் அப்பாவைக் கூப்பிட்டு, "இவனுக்குப் படிப்பு ஏறல... வேற எதாச்சும் தொழில்ல விடுங்க. டி.சி. வாங்கிக்குங்க" என்று கனிவாகச் சொல்வார்கள். கைநாட்டு அப்பாவுக்கு அது டாக்டர் சொன்ன மாதிரி. மறுபேச்சு கிடையாது. நூறு பேரில் பத்துப் பேரைக் கழித்துவிட்டு மிச்சத் தொண்ணூறில் நூறு சதவீதம் எடுப்பது சாதனை இல்லை, கணக்கில் செய்கிற தில்லுமுல்லு.

இதில் சமயத்தில் அரசாங்கமே கைகொடுக்கும். 2019 செப்டம்பரில் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு என்று ஆணை போட்டார்கள். ஊரே கத்திய பிறகு 2020 பிப்ரவரியில் வாபஸ் வாங்கினார்கள். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஊர் கத்தினால் வாபஸ் ஆகும். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

*

இப்போது மாமல்லபுரத்துக்கு வாங்க.

உலகம் வருகிற ஊர். 1984-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. 2021-22-ல் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற நினைவுச் சின்னங்களில், வெளிநாட்டார் வருகையில் தாஜ்மகாலையே முந்திய ஊர். 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் அர்ச்சுனன் தபசு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். 2022-ல் செஸ் ஒலிம்பியாட். அந்தப் பந்தயம் நடந்த இடம், ஊரை ஒட்டிய பூஞ்சேரி.

அந்தப் பூஞ்சேரிக்கு ஒன்பது மாசம் முன்னால் இன்னொரு கூட்டம் வந்தது. மாமல்லபுரம் கோயில் அன்னதானத்தில் தன்னை உட்கார விடவில்லை என்று ஒரு நரிக்குறவர் பெண் கேமரா முன்னால் பொரிந்து தள்ளினார். நாடே பார்த்தது. 2021 நவம்பர் 4, தீபாவளி அன்று முதலமைச்சரே பூஞ்சேரிக்கு நேரில் வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். நல்ல காரியம். பாராட்டியாகிவிட்டது.

ஆனால் ஒரு நிமிஷம் யோசியுங்கள். ஒரு சாதிச் சான்றிதழ் வாங்க ஒரு வீடியோ வைரலாகி, கோட்டையிலிருந்து முதலமைச்சர் வர வேண்டியிருக்கிறது என்றால், வீடியோ எடுக்காத குடியிருப்பில் இருக்கிற ஒன்பதாம் வகுப்புப் பையன் யாரிடம் போவான்?

சாதிச் சான்றிதழுக்கும் படிப்பு நிற்பதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? மற்றவர்களுக்குத் தாசில்தாரோடு வேலை முடிகிறது. பழங்குடி என்றால் கோட்டாட்சியர் தர வேண்டும். செங்கல்பட்டு மாவட்டத்துக்கு செங்கல்பட்டு, மதுராந்தகம், தாம்பரம் என்று மூன்று கோட்டாட்சியர் அலுவலகங்கள். செய்யூர் பக்கத்து சவுக்குத் தோப்பில் வேலை செய்கிற அப்பா, ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மதுராந்தகம் போக வேண்டும். போனால், 'நீ இருளர்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி? உங்க அப்பாவோட சான்றிதழ் எங்கே?' என்று கேள்வி. அவர் அப்பா பள்ளிக்கூடமே போகவில்லை ஐயா. அதனால்தானே இவர் இங்கே நிற்கிறார்! உதவித்தொகைக்கும் விடுதிக்கும் மேற்படிப்புக்கும் அந்தத் தாளைக் கேட்கிறார்கள். தாள் இல்லாத பிள்ளை, 'படிச்சு என்ன ஆகப் போவுது' என்ற முடிவுக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறான். அது சோம்பேறித்தனமா? அவன் போட்டது சரியான கணக்கு.

நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது எப்போது தெரியுமா? 2022 டிசம்பரில். சுதந்திரம் வாங்கி எழுபத்தைந்து வருஷம் கழித்து!

'அவங்களுக்கெல்லாம் படிப்பு ஏறாதுங்க' என்று ஒரு வசனம் ரெடியாக இருக்கும். அந்த வசனத்தை வைத்திருப்பவர்கள் ஈ.சி.ஆரில் வடநெம்மேலி வரை போய் வரலாம். 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கேதான் இருக்கிறது. பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில் நமக்குப் போடுகிற மருந்து தயாரிக்க விஷம் எடுத்துக் கொடுப்பவர்கள் அவர்கள். அந்தச் சங்கத்தின் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனார்கள். அங்கே விஞ்ஞானிகள் தேடிக் களைத்த மலைப்பாம்புகளைத் தடம் பார்த்தே பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. மண்ணில் ஒரு கீற்றைப் பார்த்து எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று சொல்கிற மூளைக்கு, பத்தாம் வகுப்பு அறிவியல் ஏறாதா? ஏற்றத் தெரியாதது யார்?

*

கடற்கரைக்கு இன்னொரு வலை இருக்கிறது. காசு வலை.

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் ரிசார்ட், ஓட்டல், சர்ஃபிங், கற்சிலைக் கடை. பதினாலு வயசுப் பையன் சனி, ஞாயிறு ஒத்தாசைக்குப் போகிறான். கையில் ரூபாய் பார்க்கிறான். அப்புறம் திங்கட்கிழமையும் போகிறான். வீட்டில் அரிசி வாங்க உதவுகிறது, அவனுக்கு ஒரு செல்போனும் ஆச்சு. அவன் செய்தது தப்பு என்று நாக்கைச் சப்புக் கொட்டாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ரிசார்ட்டில் உங்கள் மேஜையைத் துடைத்த பையனிடம், 'தம்பி, எந்த ஸ்கூல், எத்தனாவது?' என்று நீங்கள் கேட்டீர்களா? டிப்ஸ் கொடுத்தீர்கள், சரி.

நாளைக்கு என்ன ஆகும் என்று அவனிடம் யாராவது சொன்னார்களா? அந்த ரிசார்ட்டிலேயே சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு முன்னால் நிற்கிற வேலைக்குப் படிப்பு கேட்பார்கள். மறைமலை நகர் பக்கம் எந்தத் தொழிற்சாலை கேட்டில் போய் நின்றாலும் பிளஸ் டூவா, ஐ.டி.ஐ-யா, டிப்ளமாவா என்பதுதான் முதல் கேள்வி. அப்பா மாதிரி சிற்பி ஆகிறேன் என்றால்கூட, மாமல்லபுரத்தில் 1957-லிருந்து இருக்கிற அரசு சிற்பக் கல்லூரியில் பட்டப் படிப்புக்குச் சேர பிளஸ் டூ வேண்டும். ஆமாம், உளி பிடிக்கிற பட்டத்துக்கும் மார்க் ஷீட் வேண்டும்.

இங்கே எதுவும் வேண்டாம், வளைகுடாவுக்குப் போய்ப் பிழைத்துக்கொள்கிறேன் என்கிறானா? பத்தாம் வகுப்பு தேறாதவன் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை விழும். வெளிநாட்டு வேலைக்குப் போகும்முன் குடிபெயர்வு அலுவலகத்தில் தனி அனுமதி வாங்க வேண்டும் என்று அர்த்தம். அந்த முத்திரையின் பெயர் என்ன தெரியுமா? ஈ.சி.ஆர்.! ரோட்டுக்கும் அதே பேர், தடைக்கும் அதே பேர். ரோட்டில் சம்பாதித்த காசு ஒரு வருஷத்தில் தீர்ந்துவிடும், முத்திரை தீராது.

பெண் பிள்ளைகளுக்கு வேறு கதை. உயர்நிலைப் பள்ளி அஞ்சு கிலோமீட்டர் தள்ளி. பஸ் இருந்தால் நேரத்துக்கு இல்லை, சாயங்கால வகுப்பு முடிந்து திரும்பினால் இருட்டு. 'வயசுக்கு வந்த பொண்ணு, எதுக்கு வம்பு' என்பார் அப்பா. அப்புறம் ஒரு மாமன் மகன் வருவான். பதினெட்டுக்குக் கீழே கல்யாணம் குற்றம் என்று 2006-ம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற நமக்கும் அது தெரியும். 1929 பிப்ரவரியில் இதே செங்கல்பட்டில்தான் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடி, பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும், எந்தத் தொழிலும் செய்ய உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகும், தீர்மானம் போட்ட ஊருக்குப் பக்கத்து கிராமத்துப் பெண்ணுக்கு ஆறு மணிக்கு ஒரு பஸ் கேட்டு மனு எழுத வேண்டியிருக்கிறது.

சைக்கிள் விஷயத்துக்கு மறுபடி வருகிறேன். பதினொன்றாம் வகுப்பில் கொடுக்கிற சைக்கிளை ஒன்பதாம் வகுப்பில் கொடுத்தால் என்ன குடி முழுகிவிடும்? செலவு அதிகம் இல்லை, இரண்டு வருஷம் முன்கூட்டி. தடுக்கி விழுகிற இடத்துக்கு முன்னால் கைப்பிடி வைப்பதா, விழாமல் தப்பித்து வந்தவனுக்குப் பரிசாகக் கைப்பிடி கொடுப்பதா?

*

'எல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியது, நாங்க என்ன செய்ய முடியும்?'

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்.

காமராஜர் மதிய உணவு போட்டார் என்று நமக்குத் தெரியும். அது எப்படி நடந்தது என்பதை மறந்துவிட்டோம். அப்போது ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்குப் பத்துப் பைசா. அரசு கொடுத்தது ஆறு பைசா. மீதி நாலு பைசா ஊரைச் சேர்ந்தது. காசாகவோ, அரிசியாகவோ, காய்கறியாகவோ, விறகாகவோ... ஊர் கொடுத்தது. பள்ளிக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் 'பள்ளிச் சீரமைப்பு மாநாடு' நடத்தினார். அதற்கு 1958-ல் வெள்ளோட்டம் பார்த்த இடம் எது தெரியுமா? கடம்பத்தூர். இன்றைக்கு அது திருவள்ளூர் மாவட்டம். அன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டம்! கூரை போட்டுக் கொடுத்தவர், பெஞ்சு கொடுத்தவர், மணி வாங்கிக் கொடுத்தவர் என்று ஊர்க்காரர்கள் வரிசையில் நின்றார்கள். அவர்கள் யாரும் கோடீஸ்வரர்கள் இல்லை. நாலு பைசாவுக்கு மதிப்பு இருந்த காலத்து ஏழைகள்.

அந்த நாலு பைசாவால் வயிறு நிறைந்தது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 'இது நம்ம பள்ளிக்கூடம், இந்தப் புள்ள நம்ம புள்ள' என்கிற பாத்தியதை வந்தது. கொடுத்தவன் கேள்வி கேட்பான். 'நேத்து அந்தோணி பையன் ஏன் வரல?' என்று கேட்பான். 1982-ல் சத்துணவு வந்து முழுப் பொறுப்பையும் அரசு எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டதுதான் நியாயம். ஆனால் நாம் நாலு பைசாவோடு சேர்த்து அந்தக் கேள்வியையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டோம்.

கேள்வி கேட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்தில் சாட்சி இருக்கிறது. ஆந்திராவாக இருந்தபோது, ரங்காரெட்டி மாவட்டத்தில் சாந்தா சின்ஹாவின் எம்.வி. ஃபவுண்டேஷன் 1991 வாக்கில் ஒரே ஒரு விதியோடு இறங்கியது. பள்ளிக்கூடத்துக்கு வெளியே இருக்கிற ஒவ்வொரு பிள்ளையும் குழந்தைத் தொழிலாளிதான். 'வீட்டு வேலை பாக்குது', 'மாடு மேய்க்குது', 'சும்மா இருக்குது'... எந்தச் சமாதானமும் செல்லாது. கிராமத்து இளைஞர்களே வீடு வீடாகப் போய்ப் பேர் எழுதினார்கள். விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட முகாம் நடத்தி, வயசுக்கேற்ற வகுப்பில் சேர்த்தார்கள். பிள்ளையை வேலைக்கு வைத்திருந்த பண்ணையாரிடமே பேசி, அவர்களில் சிலரையும் தங்கள் பக்கம் இழுத்தார்கள். 2003-ல் சாந்தா சின்ஹாவுக்கு மகசேசே விருது கிடைத்தது.

நம்மிடம் இல்லையா? காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் முன்பணத்துக்கு அடகு வைக்கப்பட்ட பிள்ளைகளை மீட்டுப் பள்ளிக்கு அனுப்பும் வேலையை 'ரைடு' அமைப்பு வருஷக்கணக்கில் செய்தது. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் கட்டி, சான்றிதழுக்காக ஒவ்வொரு குடும்பத்தோடும் அலுவலகப் படியேறினார். இவர்களெல்லாம் பெரிய பணக்காரர்கள் இல்லை. விடாக்கண்டர்கள். அவ்வளவுதான்.

*

இப்போது வேலையைச் சொல்கிறேன்.

கல்வி உரிமைச் சட்டத்தில் 'பள்ளி மேலாண்மைக் குழு' என்று ஒன்று இருக்கிறது. நாலில் மூணு பங்கு பெற்றோர். பாதிக்குப் பாதி பெண்கள். 2022-லும் 2024-லும் தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் குழுக்கள் புதிதாக அமைந்தன, முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வந்தது. நிறைய ஊர்களில் அதன் வேலை கையெழுத்துப் போட்டு, டீ குடித்து, போட்டோ எடுப்பதோடு முடிகிறது. உங்கள் ஊர்ப் பள்ளியில் யார் தலைவி என்று உங்களுக்குத் தெரியுமா? இந்த வாரம் விசாரியுங்கள்.

அந்தக் குழுவிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். சதவீதம் வேண்டாம், பேர் வேண்டும். எட்டாம் வகுப்பு முடித்தவர்கள் எத்தனை பேர், இப்போது ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார்கள்? சுவரில் ஒட்டி அவமானப்படுத்த அல்ல, குழுவின் நோட்டில் எழுதி வைத்துத் தேடிப் போக. ஒரு பிள்ளை மூணு நாள் வரவில்லையா, நாலாம் நாள் சாயங்காலம் இரண்டு பேர் வீட்டுக்குப் போக வேண்டும். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். திட்டப் போகாதீர்கள். 'என்னம்மா பிரச்னை?' என்று கேளுங்கள். கடனா, உடம்பா, வாத்தியார் அடித்தாரா, பஸ்ஸா, கல்யாணமா? பத்தில் பாதி, ஊர் நினைத்தால் தீர்கிற பிரச்னை. கல்யாணம் என்றால் 1098-க்கு ஒரு போன்.

மீனவர் குப்பங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊர்ப் பஞ்சாயத்தின் பலம் எந்தக் கலெக்டருக்கும் கிடையாது. இந்த வலை ஆகாது என்று ஊர்க்கூட்டம் சொன்னால் அந்த வலை கடலில் இறங்காது. ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கு ஒரு போட்டும் போகாது. கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்றால் ஒருத்தரும் மறுக்க மாட்டார்கள். அதே கூட்டத்தில் எழுந்து, 'பதினெட்டு வயசுக்குக் கீழே எவன் புள்ளையும் பள்ளிக்கூட நாளில் போட்டில் ஏறக் கூடாது' என்று ஒரு தீர்மானம் போட எத்தனை நிமிஷம் ஆகும்? மீன்குஞ்சு பெருகட்டும் என்று ஏப்ரல் 15-லிருந்து அறுபத்தோரு நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. நம்ம குஞ்சுகளுக்கு ஒரு தடைக்காலம் வேண்டாமா?

கடைக்காரர்கள், ரிசார்ட்காரர்கள், சிலைப் பட்டறைக்காரர்கள்... உங்களுக்கெல்லாம் சங்கம் இருக்கிறது. சட்டம் பதினாலு என்றால் நீங்கள் பதினெட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தைவிட நல்லவராக இருப்பதற்கு யாரும் அபராதம் போட மாட்டார்கள்.

முன்னாள் மாணவர்களே, பள்ளிக்கு நுழைவு வளைவு கட்டி அதில் உங்கள் பெயர் பொறித்தது போதும். அந்தப் பணத்தில் ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகளுக்கு ஒரு ராத்திரிப் பள்ளி நடக்கும். ஒரு ட்யூப் லைட், ஒரு போர்டு, கணக்கும் இங்கிலீஷும் சொல்லித்தர ஊரிலேயே பட்டம் வாங்கி வேலைக்குக் காத்திருக்கிற இரண்டு பேர், ஆளுக்கு ஒரு கவுரவமான சம்பளம், பிள்ளைகளுக்கு ஒரு தட்டு சுண்டல். இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

அதிகாரிகளுக்கும் வேலை உண்டு. மாசி மகத்தன்று வடதமிழ்நாட்டு இருளர்கள் குடும்பம் குடும்பமாக மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறார்கள். கன்னியம்மனுக்குப் படையல், கல்யாணம், பெயர் சூட்டல் எல்லாம் அந்த மணலில்தான். அத்தனை பேரும் ஒரே இடத்தில் இருக்கும்போது, கோட்டாட்சியர் மேஜை அங்கே வரட்டும். சான்றிதழுக்காக அவர்கள் பத்து நடை நடப்பதற்குப் பதில் அலுவலகம் வருஷத்துக்கு ஒரு நடை நடக்கட்டும். மேஜைக்கு மேஜை 'உங்க புள்ள எத்தனாவது படிக்குது?' என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.

*

'வீட்டுக் கஷ்டம் சார், சம்பாதிச்சாதான் சோறு' என்பார்கள். உண்மை. அதை அலட்சியம் செய்கிற யாருக்கும் இந்த விஷயத்தில் பேச அருகதை இல்லை. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர்ப் பக்கம் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைகளை மீட்டார்கள். ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் குழந்தைகளும் உண்டு. அந்தக் குழந்தைக்கு அறிவுரை எதற்கு? காசு வேண்டும்.

உலகத்தில் இதற்கு வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். மெக்சிகோ 1997-ல் தொடங்கிய உதவித் திட்டத்தில், வகுப்பு ஏற ஏறப் பணமும் ஏறியது. பெரிய வகுப்பில் பெண் பிள்ளைக்குக் கூடுதல். ஏனென்றால் பிள்ளை வளர வளர அதன் கூலியும் வளர்கிறது. பிரேசில் 2024-ல் ஏழை மாணவர்களுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. மேல்நிலை வகுப்புக்கு ஒழுங்காக வந்தால் மாதாமாதம் ஒரு தொகை. ஒவ்வொரு வருஷம் தேறும்போதும் பெரிய தொகை ஒன்று கணக்கில் ஏறும். ஆனால் பள்ளிப் படிப்பை முடித்த பிறகுதான் அதை எடுக்க முடியும். நம் பாட்டிகளின் சுருக்குப் பை மாதிரி.

கல்லூரிக்குப் போனால் ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தெரிந்த மாநிலம் இது. ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் ஒரு சுருக்குப் பை தைக்கத் தெரியாதா? ஐந்தாவது, எட்டாவது பொதுத் தேர்வை வாபஸ் வாங்க வைத்த அதே குரலில் கேட்டால் கிடைக்கும். கேட்டோமா?

1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் என்ற வெள்ளைக்காரர், இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலைமையை விவரமாக அறிக்கை எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். நிலம் வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும் என்றார். அதன் பிறகு அடுத்தடுத்த வருஷங்களில் பஞ்சமி நில ஆணையும், ஒடுக்கப்பட்டோர் கல்விக்கான ஆணையும் வந்தன. எங்கிருந்தோ வந்த ஒருவர் நம் சேரிக்குள் நடந்து, பார்த்து, எழுதினார். நமக்குப் பக்கத்துத் தெரு. எழுதக்கூட வேண்டாம், ஒரு நடை போய்க் கேட்கக் காலில்லையா?

ஒரு சின்ன வேலை தருகிறேன். உங்கள் தெருவில் பதினாலிலிருந்து பதினெட்டு வயசுக்குள் இருக்கிற பிள்ளைகளை விரல் விட்டு எண்ணுங்கள். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பள்ளியின் பேர் சொல்ல முடிகிறதா பாருங்கள். எந்த விரலில் தடுமாறுகிறீர்களோ, அந்த வீட்டுக் கதவை இன்றைக்குச் சாயங்காலமே தட்டுங்கள். திறந்து, 'யாருங்க?' என்று கேட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

"நாங்க இந்த ஊருதான். தம்பி ஏன் ஸ்கூலுக்கு வரல?"